தெளிவு தரப்படும்

பூமியின் சூட்டைக் குறைத்தே தீருவது என்று அழகியநம்பி திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு முடிவெடுத்தார். ஏழரைக்குள் மனைவி பொன்னம்மையின் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டார். பூமி பெரியது. எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே! அடுக்களைதான் பக்கத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் அவர்கள் தெரு குடியிருப்போர் சங்கம் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வைத்திருந்தது. 'பிளாஸ்டிக்கும் புவி வெப்பமும்' என்று பேசுவதாக இருந்த பேராசிரியர் போன வாரம் திடீரென்று மகள் பிரசவத்துக்குத் துபாய் கிளம்பிவிட்டார். அந்த இடத்துக்கு நம்பியைப் போட்டார்கள். நம்பி சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஆபீஸில் அவர் செருமினால் பதினாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டில் செருமினால் சுக்குக் கஷாயம் வரும். இப்படியாகப்பட்ட மனுஷனுக்கு முன்னால் ஒரு மைக்கையும் அறுபது நாற்காலியையும் காட்டினால் சும்மா இருப்பாரா?

நூலகத்துக்குப் போனார். பத்திரிகை, புத்தகம் எல்லாம் புரட்டினார். முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினார். அதைப் பொன்னம்மை முன்னால் நின்று நாளுக்கு ஆறு தடவை வாசித்தும் காட்டினார். அவள் சேம்பு உரித்துக்கொண்டே கேட்டாள். வேறு வழியில்லை, சேம்பு அங்கேதான் இருந்தது.

"ஏளா, முதல்ல நம்ம வீட்டைத் திருத்தணும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால கமிட்டிக்காரங்க வந்து பாக்கப் போறாங்க. மாதிரி வீடு!" என்றார் நம்பி.

"இப்போ என்ன மாதிரி இருக்கு?"

"பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. அந்த அலமாரியில எத்தனை ஐஸ்கிரீம் டப்பா வச்சிருக்கே?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொரு ஐஸ்கிரீமா தின்னோம்?"

"நீங்க தின்னியோ. நான் டப்பா கழுவினேன்."

நம்பி பேச்சை மாற்றினார். கதவுக்குப் பின்னால் தொங்கிய கவரைத் தொட்டார். அதற்குள்ளே கவர். அதற்குள்ளே இன்னொரு கவர். சாலைக் கடைத்தெருவின் கால் நூற்றாண்டுச் சரித்திரம் அந்த ஒரே ஆணியில் தொங்கியது.

"இது எல்லாம் பூமியைச் சூடாக்குது, தெரியுமா?"

"ஆணியில தொங்குதது எப்படிச் சூடாக்கும்? நான் புதுசா ஒண்ணும் வாங்கலையே. இருக்கதைத் திருப்பித் திருப்பி எடுக்கேன். இதைக் களைஞ்சா நாளைக்கு நீங்கதான் வேற வாங்கிட்டு வருவியோ."

இதுதான் அவர் எழுதிய பதினோராம் பக்கத்தின் சாரம். ஆனால் அது பொன்னம்மை வாயிலிருந்து வந்ததால் நம்பிக்கு அடையாளம் தெரியவில்லை.

புதன்கிழமை பொன்னம்மை வித்துராவுக்குக் கிளம்பினாள். அவள் தங்கச்சி பேரன் பிறந்த இருபத்தெட்டாம் நாள், இருபத்தெட்டுக் கெட்டு. குழந்தைக்கு அரைஞாண் கட்டிவிட்டு வெள்ளிக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள். பஸ்ஸில் ஏறும்போது, "என் டப்பாவில கை வைக்காதிங்கோ" என்று இரண்டு தடவை சொன்னாள். பஸ் கிழக்கேகோட்டை வளைவு திரும்புவதற்குள் நம்பி வீட்டுக்கு வந்து இரண்டு சாக்கு நிறையக் கட்டிவிட்டார்.

கட்டியாச்சு. கொண்டுபோய்க் கொடுப்பது எங்கே? வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் எடுக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் போன வாரம்தான் வந்து போயிருந்தார்கள். இனி அடுத்த மாசம்தான். அவர்களிடம் கொடுப்பதென்றாலும் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். நம்பி ஒரு டப்பாவைக் கழுவிப் பார்த்தார். நாரத்தங்காய் ஊறுகாய் இருந்த டப்பா. முக்கால் மணி நேரம் தேய்த்ததில் டப்பா மணம் கைக்கு வந்தது, கை அழுக்கு டப்பாவுக்குப் போனது. இன்னும் முப்பது இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு அந்த யோசனை வந்தது. எழுதக் கூசுகிறது, இருந்தாலும் உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். இரண்டு சாக்கையும் பின்பக்கம் இழுத்துப்போய், தென்னையின் அடிமூட்டில் கொட்டி, நம்பி தீ வைத்தார்.

புகை எழுந்தது பாருங்கள்! கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. தென்னையில் இருந்த காக்கை தன்னைவிடக் கறுப்பாக ஒன்று வருவதைப் பார்த்துப் பறந்தே போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சுசீலாபாய் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பில் புள்ளி புள்ளியாகக் கரி விழுந்தது.

"என்னது அண்ணாச்சி, ஒரு நாத்தம்? மூச்சு விட வய்யே!" என்று மதிலுக்கு மேலே தலை நீட்டினாள் சுசீலாபாய்.

"கொசுவுக்கு! கொசுவுக்குப் புகை போட்டேன்!" என்றார் நம்பி, இருமிக்கொண்டே.

"கொசுவா, யானையா?"

தீ அணைந்தபின் உருகிக் கட்டியாய்க் கிடந்ததை எல்லாம் அங்கேயே குழி தோண்டி மூடினார். குளித்தார். சாய்ந்து உட்கார்ந்து, பேச்சை இன்னொரு தடவை வாசித்துப் பார்க்கலாமே என்று நாலாம் பக்கத்தைத் திறந்தார். அவருடைய சொந்தக் கையெழுத்தில் இருந்தது: 'திறந்தவெளியில் பிளாஸ்டிக்கை எரிப்பவன் தனக்கும் பகைவன், பூமிக்கும் பகைவன்.' கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதை ஊருக்குச் சொல்வதற்கு முன்னாலேயே நம்பி மீறியிருந்தார்.

சரி, யார் பார்த்தார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தூங்கினார். வெள்ளிக்கிழமை காலை செல்போனில் சங்கத்தின் குரூப்பைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

'பிளாஸ்டிக் எரிப்பு விஷயம்: ஞாயிறு மாலை நான்கு மணிக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் தெளிவு தரப்படும். தவறாது வருக. பகவதிப்பெருமாள், பொருளாளர்.'

இதில் உட்காருவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் முப்பத்திரண்டு வருஷம் திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் ஃபைல் பார்த்தவர் அல்ல. மலையாளத்தில் தெளிவு என்றால் ஆதாரம். சாட்சியம். கையும் களவுமாகப் பிடித்ததற்கு அத்தாட்சி. "தெளிவு உண்டோ?" என்று கேட்டுக் கேட்டே நம்பி எத்தனையோ குமாஸ்தாக்களை அழவைத்திருக்கிறார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு அர்த்தம் உண்டு என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்போது அகராதியா பார்க்கத் தோன்றும்?

யாரோ படம் எடுத்துவிட்டார்கள். சுசீலாபாய் மாடியிலிருந்து எடுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் தான் நிற்கும்போது, தலைக்குப் பின்னால் திரையில் தன் முதுகும் தீயும் தெரியும். கைலி வேறு கிழிந்த கைலி. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் திறக்க முடியுமா? ஒருவரிடமும் கேட்க முடியவில்லை.

பதினோரு மணிக்குப் பொன்னம்மை வந்தாள். பையை வைத்தாள். அடுக்களைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"டப்பா எங்க?"

"சேனைக்காரிகளுக்குக் குடுத்தாச்சு."

"அவங்க போன வாரம்லா வந்தாங்க?"

"ஸ்பெஷலா வந்தாங்க."

"ஓ."

அவள் பின்பக்கம் போனாள். பொன்னம்மை சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

"தென்னை மூட்டில மண்ணு புதுசா இருக்கே. என்னத்தை நட்டியோ?"

"ஒண்ணும் நடலை."

"மதில்லே ஓரடி உயரத்துக்குக் கரி ஒட்டியிருக்கு."

"அது... பழைய கரி."

"புருவத்தில பாதியைக் காணோமே. அதுவும் பழசா?"

நம்பி உடைந்தார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, செல்போனை நீட்டினார். "தெளிவு இருக்குதாம்ளா. எல்லார் முன்னாலயும் காட்டப் போறாங்களாம். என் மானமே போச்சு!"

பொன்னம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு தடவை படித்தாள். நம்பியின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. தனக்காக இப்படி அழுகிறாளே என்று நம்பி உருகினார்.

"அழாதளா."

"முடியலையே" என்றாள் பொன்னம்மை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி. நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படி?"

"எரிச்ச ஆளே மைக்கைப் புடிச்சு எரிக்காதேன்னு சொன்னா அவங்களுக்குத் தெளிவைக் காட்டத் தோணும்லா? அதனால நீங்க பேச வேண்டாம். நான் பேசுதேன்."

"நீயா!"

"ஒரு பொம்பளை பேசிட்டிருக்கும்போது யாரும் குறுக்க எழும்ப மாட்டாங்க. உங்களுக்குத் தொண்டை கட்டியாச்சு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒரு வார்த்தை பேசப்பிடாது. என்கிட்டயும்."

முப்பத்தெட்டுப் பக்கம்! மைக்! அறுபது நாற்காலி! நம்பிக்கு அழுகை வந்தது. ஆனாலும் கிழிந்த கைலி கண்ணில் வந்து நின்றது. தலையை ஆட்டினார்.

"பின்னே, கமிட்டிக்காரங்க வரும்போது அலமாரி மொட்டையா இருந்தா சந்தேகம் வரும். ஆரியசாலைக்குப் போயி மூடி போட்ட ஸ்டீல் டப்பா வாங்கிட்டு வாங்கோ. முப்பத்தொண்ணு."

நம்பி வாயைத் திறந்தார். பொன்னம்மை உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். வாயை மூடினார்.

"இன்னும் ஒண்ணு. தினமும் பால் கவரை நீங்களே கழுவிக் கொடியில காயப்போடணும். முன்பக்கத்துக் கொடியில. நாலு பேர் பாக்கணும். அப்போதான் தெளிவு வந்தாலும் யாரும் நம்ப மாட்டாங்க."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இங்கே வீடு எரியக்கூட இல்லை. ஒரு சொல் எரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாளும் தெரு ஓர் அதிசயத்தைக் கண்டது. அழகியநம்பி கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, மேட மாசச் சித்திரை வெயிலில், பால் கவரை வெட்டி உள்ளும் புறமும் கழுவி, கிளிப் போட்டுக் காயவைத்தார். ஆரியசாலையிலிருந்து இரண்டு துணிப்பையில் ஸ்டீல் டப்பா கணகணக்க நடந்து வந்தார். பேசவே இல்லை. "புருஷன்னா நம்பி அண்ணாச்சி மாதிரி இருக்கணும்" என்று சுசீலாபாய் தன் கணவர் காதில் விழும்படி சொன்னாள். அதைக் கேட்டு நம்பிக்கு இன்னும் பயம் கூடியது. படம் எடுத்தவளே பாராட்டினால் என்ன அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமிட்டிக்காரர்கள் வந்து அலமாரியைப் பார்த்து அசந்துபோனார்கள். நாலு மணிக்குக் கூடம் நிரம்பியது. நம்பி ஓடுவதற்கு வசதியாகக் கடைசி வரிசையில் கதவோரம் உட்காரப் பார்த்தார். சங்கச் செயலாளர் வினீத், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மலையாளிப் பையன், அவரைக் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கொண்டுபோனான். பிறகு மைக்கைத் தட்டினான்.

"இனி நம்முடெ நம்பி சாறின்டெ சம்சாரம்!"

மலையாளிகள் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழர்கள் மனைவி என்று எடுத்துக்கொண்டார்கள். பொன்னம்மை எழுந்து மைக்குக்குப் போனபோது இரண்டு தரப்பார் எடுத்துக்கொண்டதும் சரியாகிவிட்டது. தமிழர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

அவள் கையில் ஒரு தாள்கூட இல்லை. நாலு நாளில் இருபத்துநாலு தடவை காதில் விழுந்தது மனப்பாடம் ஆகாதா?

"பிளாஸ்டிக் எங்கேருந்து வருதுன்னு நினைக்கியோ? பெட்ரோல் வருத அதே கிணத்துலேருந்துதான். மண்ணுக்குக் கீழே சும்மா கிடந்த எண்ணெயையும் வாயுவையும் எடுக்க ஒரு தீ. அதை உருக்கி டப்பா ஆக்க ஒரு தீ. லாரியில ஏத்திக் கொண்டு வர ஒரு தீ. இந்த மூணு தீயோட புகையையும் குடிச்சிட்டுத்தான் அந்த டப்பா நம்ம அடுக்களைக்கு வருது. அதைப் பத்து வருஷம் வச்சிருந்தா, அடுத்த பத்து டப்பா செய்ய வேண்டாம். ஒரு நாள்ல தூக்கிப் போட்டா மறுபடியும் மூணு தீ. தூக்கிப் போட்டது வெயில்ல கிடந்தா அதுவும் சும்மா கிடக்காது, கொஞ்சம் கொஞ்சமா வாயு விடும். கடலுக்குப் போனா அங்கே கரியைக் குடிக்கிற சின்னச் சின்னப் பாசிக்கும் தொந்தரவுன்னு சொல்லுதாங்க."

நம்பி ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேலே நாலாவதா ஒரு தீ உண்டு. நாம வைக்கிற தீ." பொன்னம்மை நிறுத்தினாள். முன்வரிசையைப் பார்த்தாள். நம்பி மப்ளரை மூக்கு வரை ஏற்றிக்கொண்டார். "தென்னை மூட்டில வச்சா உரம்னு நினைப்பு. உரம் இல்லை, விஷம். அந்தக் கரியும் புகையும் மேலே போயி பூமிக்குப் போர்வை போத்தும். மேட மாசத்துல கம்பளி போத்தினா எப்படி இருக்கும்? வேணும்னா எங்க வீட்டுக்காரங்களைப் பாருங்கோ."

எல்லாரும் மப்ளரைப் பார்த்துச் சிரித்தார்கள். வேர்வையில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த நம்பிக்கு, அந்த நடுக்கத்திலும் ஒன்று தோன்றியது. தான் முப்பத்தெட்டுப் பக்கத்தில் சொல்லாததை இவள் மூன்று நிமிஷத்தில் சொல்கிறாளே! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சுசீலாபாய் கை தூக்கினாள். "அக்கா, கொசுவுக்குப் போடுத புகை?"

நம்பி கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிட்டது.

"வேப்பிலை போடு சுசீலா. வேற எதுவும் போடாதே" என்றாள் பொன்னம்மை.

அடுத்து பகவதிப்பெருமாள் எழுந்தார். நாகர்கோவிலில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு இங்கே குடிவந்து ஒரு வருஷமே ஆன மனிதர். கையில் ஒரு பெரிய கவர். காகிதக் கவர்தான். அதற்குள் கையை விட்டார். நம்பியின் இருதயம் தொண்டைக்கு வந்து மப்ளரில் முட்டியது.

வெளியே வந்தது ஒரு பொன்னாடை.

"பிளாஸ்டிக்கை எரித்தால் என்ன தப்பு, சாம்பல் உரம்தானே என்று போன மாசம் நம் தெருவிலேயே மூன்று பேர் கேட்டார்கள். கூட்டத்தில் தெளிவு தரப்படும் என்று நான் குரூப்பில் போட்டிருந்தேன். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இனி ஒருவருக்கும் அதில் ஐயம் இருக்காது."

ஐயம் தீர்ப்பது. விளக்கம் சொல்வது. தெளிவு!

முப்பத்திரண்டு வருஷமாக மறந்திருந்த தமிழ் நம்பியின் மண்டைக்குள் ஒரே நொடியில் திரும்பி வந்தது. படம் இல்லை. திரை இல்லை. கைலி இல்லை. ஒருவனும் ஒன்றும் பார்க்கவில்லை! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டு போனதில், வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"அப்போ தெளிவு ஒண்ணும் இல்லையா!"

கூடம் முழுக்கக் கேட்டது. வினீத் மலையாளி. அவன் காதில் அது மலையாளமாக விழுந்தது. நெற்றி சுருங்கியது.

"எந்து தெளிவு, சார்?"

"தொண்டை" என்றாள் பொன்னம்மை மைக்கில், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "தொண்டை இன்னும் தெளியலையான்னு கேக்காங்க. தெளிஞ்சாச்சு, வினீத். இப்போ நல்லாக் கேக்குது."

கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வருஷக் கமிட்டிக்குப் பொன்னம்மையைப் போடுவது என்று அங்கேயே கை தூக்கினார்கள். நம்பி இரண்டு கையையும் தூக்கினார். அப்படி ஒரு சந்தோஷம்!

வீட்டுக்கு நடக்கும்போது மப்ளரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார். காற்று கழுத்தில் பட்டது. பூமியே இரண்டு டிகிரி குளிர்ந்ததுபோல் இருந்தது. தெருமுனை தாண்டியதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏளா. அந்த மெசேஜுக்கு அர்த்தம் உனக்கு அப்பவே தெரியுமா?"

"பின்னே? நான் ஆபீசுக்கா போனேன்? எனக்குத் தெளிவுன்னா தெளிவுதான்."

"அப்போ அன்னைக்கு அழுதது?"

"யாரு அழுதா?"

நம்பி நின்றார். கோபம் வர வேண்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். வரவில்லை. பிழைத்த நிம்மதியில் கோபத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் ஆம்பிளை என்று ஒன்று இருக்கிறதே. நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரி, போகட்டும். ஸ்டீல் டப்பா உனக்கு. மேடை உனக்கு. கமிட்டி உனக்கு. நாளையிலேருந்து பால் கவர் நீதான் கழுவணும். இனி நான் யாருக்குப் பயப்படணும்? நான் எரிச்சதுக்கு ஒருத்தன்கிட்டயும் ஒரு தெளிவும் கிடையாது!"

பொன்னம்மை பொன்னாடையை மடித்துக்கொண்டே நடந்தாள்.

"தென்னை மூட்டைத் தோண்டினேன். உருகின கட்டியில உங்க சட்டைப் பித்தானும் சேர்ந்து ஒட்டியிருக்கு. ஒரு டப்பாவில போட்டு வச்சிருக்கேன்."

"அதை எதுக்குளா வச்சிருக்கே? தூரப் போடு!"

"இருக்கட்டும். நானூறு வருஷம் கெடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கியோ."